“நாளைக்கு நூறு கெகல்” என்று தாளில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

பெண்கள் நலம் › இடுப்புத்தளம் › பொது விவாதம்

1. அடித்தளம்

சிறுநீர்க் கசிவோடு ஒருவர், கர்ப்பப்பை கீழே இறங்கிய தொல்லையோடு ஒருவர், பிரசவத் தையலுக்குப் பிறகு காற்றை அடக்க முடியாமல் ஒருவர், உறவின்போது வலி தாங்காமல் ஒருவர். நாலு பேரும் ஓபியை விட்டு வெளியே வரும்போது கையில் இருப்பது ஒரே தாள்: “கெகல் பயிற்சி, நாளைக்கு நூறு.” அதாவது இடுப்புத்தளத் தசையைத் தினமும் நூறு முறை சுருக்கி விட வேண்டும். முதல் மூவருக்கு அதில் ஏதோ கொஞ்சம் பலன் கிடைக்கலாம். நாலாமவருக்கு அது தீங்கு.

இடுப்புத்தளம் என்பது முன்பக்கப் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை கட்டிய தூளி. மேலே சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் வழிகள் மூன்றும் இந்தத் தசை வழியாகத்தான் வெளியே வருகின்றன. தூளி தொய்ந்து போகலாம். இறுகிப்போய் அவிழ மறுக்கலாம். பலம் இருந்தும் இருமும் நொடியில் வேலை செய்யாமல் ஒரு கணம் பிந்தலாம். மூன்றும் வேறு வேறு பழுதுகள். எந்தப் பழுது என்று பார்க்காமல் கொடுக்கும் பயிற்சி, கண்ணைச் சோதிக்காமல் கொடுத்த கண்ணாடிதான்.

1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் இதை எழுதியபோது, உள்ளே வைத்து அழுத்தத்தைக் காட்டும் பெரினியோமீட்டர் என்ற கருவியும் கூடவே வந்தது. தசை சுருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொடுத்தார். இன்று கருவியும் போயிற்று, கற்றுக்கொடுப்பதும் போயிற்று, பெயர் மட்டும் மிச்சம்.

2. எண்ணும்எழுத்தும்

கொஞ்சம் எதிர்வாதம் வைக்கிறேன். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வில், இருமும்போது கசியும் பெண்களில் பயிற்சி செய்தவர்கள் 56 விழுக்காடு பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காடு. மருந்தே இல்லாமல் இவ்வளவு பலன். ஆனால் அது பயிற்சிக்குக் கிடைத்த மதிப்பெண் அல்லவா? சுருக்கி விடும் வேலைக்கு நிபுணர், தனி அறை, சிட்டிங்குக்கு இவ்வளவு என்று கட்டணம் எல்லாம் எதற்கு? யூடியூபில் நல்ல தமிழ்க் காணொளிகளே இருக்கின்றன.

3. அடித்தளம்

அந்த 56 விழுக்காட்டில் பெரும்பாலோர் யாரோ ஒருவர் பார்த்து, திருத்தி, திரும்ப வரச் சொல்லிச் செய்தவர்கள். காணொளி பார்த்தவர்கள் இல்லை.

1991-இல் பம்ப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். சரியாகச் சுருக்கியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு, 49 விழுக்காடு. 25 விழுக்காடு பேர் செய்தது கசிவையே தூண்டக்கூடிய முறை. உள்ளே மேலே இழுப்பதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள். அவர்களிடம் “நாளைக்கு நூறு” என்றால் நாளைக்கு நூறு தடவை கர்ப்பப்பையைக் கீழே தள்ளச் சொன்னதாகத்தான் அர்த்தம்.

வீட்டில் தானே பார்த்துக்கொள்ள ஒரு வழி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கைக்கண்ணாடியை இடையில் பிடிக்க வேண்டும். சுருக்கும்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போய் மேலே ஏற வேண்டும். அது வெளியே புடைத்தால் முக்குகிறீர்கள். வயிறு கல்லாகிறதா, பிட்டம் இறுகுகிறதா, தொடை ஒட்டுகிறதா, மூச்சு நிற்கிறதா? இவற்றில் ஒன்று நடந்தாலும் வேலையைத் தூளி செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்கிறார்கள். சுருக்கும்போது சத்தமாக ஒன்று இரண்டு எண்ணச் சொன்னால் மூச்சைப் பிடிப்பவர் உடனே மாட்டிக்கொள்வார்.

4. கிராமசெவிலி

சொல்ற வார்த்தையிலயே பாதி தப்பு நடக்குது. “இடுப்பைச் சுருக்கு”ன்னா எல்லாரும் வயித்தைத்தான் எக்குவாங்க. “கீழ இறுக்கு”ன்னா பிட்டத்தை இறுக்குவாங்க. களத்துல எடுபடுறது இதுதான்: “நாலு பேர் இருக்கிற இடத்துல காத்து பிரியப் பாக்குது, வெளிய தெரியாம அடக்கு. அப்படியே ஒண்ணுக்குப் போறதையும் அடக்குற மாதிரி முன்பக்கம் இழு.” பின்னாலேர்ந்து முன்னால, அப்புறம் மேல. முகத்துல ஒண்ணுமே தெரியக் கூடாது.

இன்னொண்ணு, ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்திப் பழகச் சொல்றாங்க. தயவுசெஞ்சு அதைப் பயிற்சியாச் சொல்லாதீங்க. பை சுருங்குற நேரத்துல வாசலை மூடினா பைக்குக் குழப்பம் வரும், மூத்திரம் மிச்சம் தங்கும். எந்தத் தசைன்னு அடையாளம் தெரிய எப்பவோ ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்.

5. மூலாதாரம்

யோகப் பயிற்றுநர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி. அசுவினி முத்திரையும் மூலபந்தமும் இதேதானே? வகுப்புக்கு வருபவர்களிடம் தாராளமாகச் சொல்லலாமா?

6. அடித்தளம்

தசை ஒன்றுதான். அசுவினியில் ஆசனவாய்ச் சுருக்கு தசைக்கு அழுத்தம் அதிகம், மூலபந்தத்தில் தூளி முழுக்க ஏறுகிறது. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, மூச்சை உள்ளே அடக்கிக் கும்பகத்தோடு செய்வது. வயிற்றழுத்தம் மேலிருந்து இறங்க, தசை கீழிருந்து ஏற, இறக்கம் உள்ளவருக்கு அது இழுபறி. வெளிமூச்சில் சுருக்கி, உள்மூச்சில் முழுக்க விடச் சொல்லுங்கள். உதரவிதானம் இறங்கும்போது இடுப்புத்தளமும் சற்று இறங்கும், ஏறும்போது கூடவே ஏறும். அந்தத் தாளத்தோடு போவதுதான் சுலபம். இரண்டாவது, “விடுவதை” யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் தசை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

வயிற்றை எக்கி எக்கி வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி செய்யும்போது கசிகிறது, கீழே கனக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அதை நிறுத்திவிடுங்கள்.

இனி அளவு. எண்ணிக்கை எங்கிருந்து வர வேண்டும் என்றால், அந்தப் பெண்ணின் தசையிலிருந்து. முதல் பரிசோதனையில் ஒரு விரல், கையுறை, நீர்த்தன்மையுள்ள ஜெல். உள்ளே சுமார் நாலைந்து சென்டிமீட்டரில், கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஐந்து மணி, ஏழு மணித் திசைகளில் தசை கையில் படும். பலத்தை ஆக்ஸ்ஃபோர்ட் அளவில் 0 முதல் 5 வரை குறிக்கிறோம்: 0 என்றால் ஒன்றுமில்லை, 1 துடிப்பு மட்டும், 2 பலவீனம், 3-இல் தூக்கல் தெரியும், 5-இல் விரலை இறுகப் பிடித்து உள்ளே இழுக்கும். பிறகு எத்தனை நொடி தாங்குகிறது, அப்படி எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, வேகமாக எத்தனை முறை சுருக்க முடிகிறது. இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும்.

உதாரணமாகப் பலம் 3, நாலு நொடி, ஐந்து முறை, வேகத்தில் ஏழு என்று வந்தால் அவருக்கான மருந்துச்சீட்டு: நாலு நொடி பிடி, எட்டு நொடி விடு, ஐந்து முறை. ஒரு நிமிட ஓய்வு. ஏழு வேகச் சுருக்கம். நாளைக்கு மூன்று வேளை. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்து, ஒரு நொடி கூட்டு. பத்து நொடி, பத்து முறை, நின்றபடி என்பதுதான் சேர வேண்டிய இடம். இந்த நாலு நொடிக்காரரை முதல் நாளே பத்து நொடி பிடிக்கச் சொன்னால் ஐந்தாவது நொடியிலிருந்து பிட்டத்தைத்தான் இறுக்குவார்.

முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் நரம்பு வழி பழகுவதால் வருவது. தசை தடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆறாவது வாரத்தில் “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

7. ஓபிஜி_டூட்டி

மருத்துவர் தரப்பில் சில குறிப்புகள்.

உள்பரிசோதனைக்கு எழுத்தில் சம்மதம், கூட ஒரு பெண் ஊழியர், “நிறுத்து” என்றால் அந்த நொடியே நிறுத்தல். மூன்றும் கட்டாயம். கணவரோ மாமியாரோ சொன்ன சம்மதம் செல்லாது. திருமணமாகாதவர், விருப்பமில்லாதவர், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர், தொற்று உள்ளவர், கர்ப்பத்தில் இரத்தப்போக்கு அல்லது நஞ்சுக்கொடி கீழே இருப்பவர் ஆகியோருக்கு உள்பரிசோதனை கூடாது, தேவையும் இல்லை. உட்கார்ந்தெலும்புக்கு உட்புறம் துணிமேல் விரல் வைத்தாலே தசை எழுவது தெரியும். அடிவயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்தால் சிறுநீர்ப்பையின் அடித்தளம் மேலே ஏறுவதை அந்தப் பெண்ணே திரையில் பார்க்கலாம். சொல்லிப் புரியாதது பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிகிறது. பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிசியோவுக்கு அனுப்பும் முன் எங்களிடம் வர வேண்டியவை: சிறுநீரில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, இரவு பகல் ஓயாமல் சொட்டுவது. கடைசியாகச் சொன்னது பிரசவத்துக்குப் பின்னோ கர்ப்பப்பை எடுத்த பின்னோ வந்தால் ஓட்டை விழுந்திருக்கலாம், அதைப் பயிற்சி அடைக்காது. முதுகுவலியோடு, உட்காரும் இடம் மரத்து, சிறுநீர் வராமல் நின்றால் அன்றே அவசரப் பிரிவு.

8. தசைநார்

இந்த இழையில் இதுவரை எல்லோரும் தொய்ந்த தூளியையே பேசுகிறீர்கள். இறுகிய தூளியைப் பற்றித்தான் நம் ஊரில் எழுத ஆளில்லை, அதனால் நீட்டி எழுதுகிறேன்.

சிறுநீர் விட்டு விட்டு வரும், போய்விட்டு எழுந்தாலும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கும். மலம் முக்கினாலும் வராது. வால் எலும்பில் வலி, அரை மணி உட்கார முடியாது. உறவு என்றால் வாசலிலேயே எரிச்சலும் சுவரில் முட்டுவது போன்ற தடையும். பலருக்கு இதோடு கசிவும் இருக்கும். நாள் முழுக்க இறுகியே இருக்கும் தசைக்கு இருமும்போது இன்னும் இறுக இடம் ஏது? கசிவை மட்டும் கேட்டுவிட்டுக் கெகல் கொடுத்தால் மற்ற எல்லாம் மோசமாகும். விரலால் தொட்டால் ஓய்விலேயே கம்பிபோல் இருக்கும், தொட்ட இடம் வலிக்கும். முழங்காலை வெளிப்பக்கம் அழுத்தச் சொன்னால் பக்கச் சுவரில் உள்ளிடுப்புத் தசை புடைக்கும். பலருக்கு வலியின் மூலம் அதுதான்.

இங்கே வரிசை முக்கியம். முதல் இரண்டு வாரம் மூச்சு மட்டும். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, ஒரு கை வயிற்றில். மூக்கால் மெல்ல இழுக்கும்போது வயிறு எழ, ஆசனவாய் தளர்ந்து இறங்குவதைக் கவனிக்க வேண்டும். தள்ளக் கூடாது, விட வேண்டும். ஐந்து நிமிடம், இரண்டு வேளை. கூடவே குழந்தை ஆசனம், மல்லாந்து பாதத்தைப் பிடிக்கும் ஆனந்த பாலாசனம், சுவரில் சாய்ந்து குந்துவது, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அடுத்து, கட்டைவிரலால் வலிக்கும் புள்ளியில் மிதமான அழுத்தம், அது இளகும்வரை சுமார் ஒரு நிமிடம். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அழுத்தம் அதிகம்.

அதன் பிறகே டைலேட்டர், அதாவது யோனியைப் படிப்படியாக இளகப் பழக்க உள்ளே வைக்கும், பல பருமன்களில் வரும் குழல். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி ஐந்து முதல் பத்து நிமிடம், வாரத்தில் நாலு நாள். செருகுவது வெளிமூச்சிலோ உள்மூச்சிலோ என்பதை விட, தசை விடுகிற நொடியில் என்பதே விதி. ஒரு அளவு வலியும் பயமும் இல்லாமல் மூன்று நாலு முறை போன பிறகே அடுத்த அளவு. கெட்டுப்போவது எங்கே என்றால், வீட்டில் அவசரப்படுத்துவார்கள், முதல் வாரமே இரண்டு அளவு தாண்டுவார்கள், ஒரு முறை வலிக்கும், மூளை அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் முன்னதாகவே இறுக்கும். ஒரு மாதம் பின்னால் போய்விடும். சிலிக்கோன் டைலேட்டரோடு சிலிக்கோன் ஜெல் வேண்டாம், அது பரப்பைக் கெடுக்கும். நீர்த்தன்மை ஜெல் போதும்.

“எல்லாம் மனசுதான், கல்யாணமான புதுசுல அப்படித்தான்” என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கு: பயம் தசையை இறுக்குகிறது, இறுகிய தசை வலிக்கிறது, வலி பயத்தைக் கூட்டுகிறது. எந்த இடத்தில் அறுத்தாலும் வளையம் அறும். தேவைப்பட்டால் ஆற்றுப்படுத்துநரும் கூட இருக்கட்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), வாசல் பகுதித் தோல்நோய், பூஞ்சை, மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி இவை இருந்தால் முதலில் அல்லது கூடவே மருத்துவம் வேண்டும்.

9. யாழ்நங்கை_லண்டன்

இஞ்ச பிரித்தானியாவில நடக்கிறதைச் சொல்லுறன், ஒப்பிட்டுப் பாக்கலாம். நைஸ் எண்டு இஞ்சத்த அரச மருத்துவ வழிகாட்டு அமைப்பு, அதின்ர வழிகாட்டி 2019-இல வந்தது. இருமேக்க, தும்மேக்க சலம் போற பெண்களுக்கு முதல் சிகிச்சையே மேற்பார்வையோட குறைஞ்சது மூண்டு மாசப் பயிற்சி. ஒரு வேளைக்குக் குறைஞ்சது எட்டுச் சுருக்கம், நாளுக்கு மூண்டு வேளை. நூறு எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. பல இடங்களில டொக்டரிட்டப் போகாமலே நேர பிசியோவுக்கு விண்ணப்பிக்கலாம்.

அதே வழிகாட்டிதான் சொல்லுது, பயிற்சியைத் தொடங்க முதல் தசை சுருங்குதா எண்டு கையால பாக்க வேணும் எண்டு. சத்திர சிகிச்சைக்கு முதல் இதைச் செய்து பாக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கசிவை நிப்பாட்ட சத்திர சிகிச்சையில உள்ள வைக்கிற பிளாஸ்டிக் வலையால கனபேருக்குத் தீராத நோ வந்து, 2018 ஜூலையில இங்கிலாந்தில அந்தச் சத்திர சிகிச்சையை நிறுத்தி வைச்சவை. பயிற்சி பிழைச்சால் திருத்தலாம். உள்ள வைச்ச வலையை முழுசா எடுக்கிறது லேசான வேலை இல்லை.

10. எண்ணும்எழுத்தும்

சரி, மேற்பார்வை வேண்டும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் அந்த மேற்பார்வையைக் கருவி செய்யாதா? செயலியோடு இணையும், யோனிக்குள் வைக்கும் உள்செருகிகள் ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். மின்தூண்டல் கருவியும் இருக்கிறது. அது தானாகவே சுருக்கிவிடும் என்கிறார்கள்.

11. யாழ்நங்கை_லண்டன்

ஓபால் எண்டொரு பெரிய ஆய்வு, 2020-இல பிஎம்ஜே எண்ட மருத்துவ இதழில வந்தது. 600 பெண்கள், இரண்டு வருசம் பாத்தவை. பயிற்சி மட்டும் ஒரு பக்கம், பயிற்சியும் தசை சுருங்கிறதைக் காட்டுற பயோஃபீட்பேக் கருவியும் மற்றப் பக்கம். வித்தியாசம் வரேல்லை. இரண்டு பக்கமும் பிசியோ இருந்தவை எண்டதைக் கவனியுங்கோ. ஆகவே காசு இருந்தால் அதைக் கருவிக்குப் போடாமல் ஆளுக்குப் போடுங்கோ.

12. அடித்தளம்

கூடுதலாக ஒரு வார்த்தை. அழுத்தத்தை அளக்கும் செருகிக்கு மேலே இழுப்பதும் தெரியாது, முக்குவதும் தெரியாது. இரண்டிலும் அழுத்தம் ஏறும், செயலியில் பச்சை விளக்கு எரியும். தப்பாகச் செய்கிறவருக்குக் கைதட்டல் வேறு.

மின்தூண்டல் தசை 0 அல்லது 1-இல் இருந்து, எங்கே சுருக்குவது என்றே பிடிபடாதவருக்கு. சுருக்கத்துக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ், அவசர உணர்வை அடக்க 10 முதல் 20. மின்சாரம் வரும் நொடியில் அவரும் சேர்ந்து சுருக்க வேண்டும், மொபைல் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் பயனில்லை. தானாக 2-க்கு வந்ததும் கருவியை எடுத்துவிடலாம். கர்ப்பிணி, பேஸ்மேக்கர் வைத்தவர், தொற்று உள்ளவர், அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாதவர் ஆகியோருக்குக் கூடாது.

13. கிராமசெவிலி

பிரசவம் ஆன வீட்டுப் பக்கம் வருவோம்.

சிசேரியன் ஆனவங்களுக்கு இதெல்லாம் தேவையில்லைன்னு ஒரு நெனப்பு. 2019–21 குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 44.9 விழுக்காடு பிரசவம் சிசேரியன். அப்ப பாதிப் பேரை விட்டுடறோம். ஒன்பது மாசம் சுமந்த பாரம் அந்தத் தூளிமேலதான் இருந்தது. வயித்துல தழும்பு வேற. தையல் நல்லா ஆறி, ஆறு எட்டு வாரம் கழிச்சு தழும்பைச் சுத்தி விரலால மேல கீழ, பக்கவாட்டுல நகத்திப் பழகணும். இல்லாட்டி தோல் உள்ள ஒட்டிப் போய் இழுக்கும்.

யூரின் ட்யூபை எடுத்தப்புறம் ஆறு மணி நேரத்துக்குள்ள ஒண்ணுக்குப் போனாங்களா, எவ்வளவு போனாங்கன்னு அளக்கணும். இது எல்லாத்தையும் விட முக்கியம். பை ஒரு தடவை ஊதிப்போனா தசை மாசக்கணக்குல சோம்பிடும். நல்லாப் போக ஆரம்பிச்சா மறுநாள்லேர்ந்தே லேசான சுருக்கம் பண்ணலாம், தையல் இருந்தாலும் சரி. வீக்கம் வடிய அதுவே உதவும்.

வயித்துக்குத் துணி கட்டுறது. லேசாக் கட்டினா நிக்க நடக்கச் சவுகரியம், தப்பில்லை. மூச்சு முட்ட இறுக்கினா வயித்தழுத்தம் போக்கிடம் இல்லாம கீழ இறங்கும், பிரசவத்துல நைஞ்சு கிடக்கிற தசைமேலதான் இறங்கும். கட்டினப்புறம் நாலு விரல் உள்ள போகணும், ராத்திரி அவுத்துடணும்.

அதைவிடப் பெரிய வில்லன் பத்தியம். தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும்னு தண்ணியை அளந்து குடுக்கறது, காய் கீரை நிறுத்தறது. பால் குடுக்கிற பொண்ணுக்கு மலம் கட்டிப்போகுது, முக்கறா, போட்ட தையலும் போச்சு, செஞ்ச பயிற்சியும் போச்சு. ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சு தையல் போட்டவங்களுக்கு மலமிளக்கி கட்டாயம் எழுதுவாங்க. அதை “மருந்து சூடு”ன்னு வீட்டுல நிறுத்திடுறாங்க.

14. அடித்தளம்

செவிலி சொன்ன மலச்சிக்கலுக்கு ஒரு ஒட்டு. நம் பழைய குந்து கழிப்பறை இந்த விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது. குந்தும்போது மலக்குடலைச் சுற்றிக் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு மணை, முழங்கால் இடுப்பை விட உயர வேண்டும். முன்னால் குனிந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, வாயை லேசாகத் திறந்து, வயிற்றை முன்பக்கம் பெருக்கி, மூச்சை விட்டபடி. மூச்சைப் பிடித்து முக்கினால் அதே தசை எதிர்த்திசையில் பூட்டும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு: முதல் பிரசவம் என்றால் 34 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை யோனி வாசலின் கீழ்ப்பகுதியை மசாஜ் செய்து இளக்குவது பிரசவத்தின்போது அந்த இடத்தைக் கத்தரிக்க வேண்டி வருவதைக் குறைக்கிறது. கட்டைவிரல் மூன்று நாலு சென்டிமீட்டர் உள்ளே, ஆசனவாய்ப் பக்கமும் இரு பக்கமும் ‘ப’ வடிவில், ஐந்து நிமிடம்.

15. தசைநார்

அவசரம் வந்தால் ஓட வேண்டியிருக்கிறது, கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது என்பவர்களுக்குத் தசைப் பயிற்சியை விட நோட்டுப் புத்தகம் முதலில். மூன்று நாள், ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை. எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, என்ன குடித்தார், எப்போது கசிந்தது. நோட்டைப் படித்தாலே நோய் பேசும். மணிக்கொரு தரம் நூறு, நூற்றைம்பது மில்லி என்றால் “எதுக்கும் போயிட்டு வந்துடுவோம்” என்று பையைச் சிறுசாகப் பழக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நானூறு, நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் என்றால் தண்ணீரும் காபியும்தான் அதிகம், சர்க்கரையும் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியைகளின் நோட்டில் காலை எட்டு முதல் மாலை நாலு வரை வெற்றாக இருக்கும். கழிப்பறைக்குப் பயந்து குடிப்பதே இல்லை. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டுகிறது, பிறகு வீட்டுக்கு வந்து ஒரே மூச்சாகக் குடிக்கிறார்கள்.

அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நில்லுங்கள் அல்லது நாற்காலி விளிம்பில் உட்காருங்கள், ஐந்தாறு வேகச் சுருக்கம், குதிகாலை ஏற்றி இறக்குங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். அலை தணிந்த பிறகு நடந்து போங்கள். இடைவெளியை வாரம் பதினைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். குறைந்தது ஆறு வாரம்.

16. மூலாதாரம்

இருமல், தும்மல் கசிவுக்கு அன்றன்றைக்கே பலிக்கும் உபாயம் ஒன்று இருப்பதாகக் கேள்வி?

17. அடித்தளம்

இருக்கிறது. தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் சுருக்கிப் பிடித்து, தும்மி முடியும்வரை விடாமல் இருப்பது. 1998-இல் மில்லர் குழுவினர் ஒரே வாரத்தில் கசிவு குறைவதைக் காட்டினார்கள். ஒரு வாரத்தில் தசை தடிக்காது, ஆகவே அது முழுக்க நேரம் பழகியதன் பலன். இதையே பாரம் தூக்கவும் பழக்க வேண்டும். கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை நெருங்கும். அதைத் தூக்காமல் உருட்டுங்கள். குடத்தைப் பாதி நிரப்பி இரண்டு நடை போங்கள். முதலில் கீழே சுருக்கு, பிறகு மூச்சை விடு, மூச்சு போகும்போதே தூக்கு.

எடையும் ஒரு பாரம்தான். 2009-இல் வந்த பிரைட் ஆய்வில் உடல் எடையில் 8 விழுக்காடு குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 28.

18. ஓபிஜி_டூட்டி

கர்ப்பப்பை இறக்கம் பற்றி. கன்னிச்சவ்வு இருந்த விளிம்பை அளவுகோலாக வைத்துப் படி பிரிக்கிறோம். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றால் 1. விளிம்பை ஒட்டி மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் 2. அதற்குக் கீழே 3, முழுக்க வெளியே 4. தொல்லை தரும் 1, 2-க்குக் குறைந்தது பதினாறு வாரப் பயிற்சி. கனமும் கசிவும் குறையும். படி பெரும்பாலும் மாறாது, அதை முன்பே சொல்லிவிட வேண்டும். 3, 4-க்குப் பயிற்சியை மட்டும் நம்ப வைக்காதீர்கள். வளைய பெசரி (இறங்கியதைத் தாங்க யோனிக்குள் வைக்கும் வளையம்) அல்லது அறுவை. பெசரி போட்டபடியே பயிற்சி செய்யலாம், பலருக்கு அது சுலபம். பெசரியைப் போட்டுவிட்டு மறந்துபோனால் சுவரில் புண் விழும். மாதவிடாய் நின்றவருக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சேர்ப்பது அதற்காகவே.

இடுக்கி போட்டுக் குழந்தையை எடுக்கும் ஃபோர்செப்ஸ் பிரசவத்தில் தசை எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒரு பக்கம் அசையவே இல்லை என்றால் அதைச் சந்தேகியுங்கள். நோயாளி சோம்பேறி என்று எழுதாதீர்கள்.

19. கிராமசெவிலி

நாளெல்லாம் நிக்கிற ஜவுளிக்கடைப் பொண்ணுங்களுக்கு சாயங்காலமானா கீழ கனக்குதுன்னு சொல்லுவாங்க. கடைகள்ல உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டத்திருத்தம் வந்தாச்சு. இருக்கை இருக்கான்னு போய்ப் பாருங்க. அதே வருசம் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கே வர்றாங்க, பக்கவாதக்காரங்களுக்குக் கை கால் அசைச்சு விடறாங்க. அந்த வீட்டுலயே மருமகளும் மாமியாரும் துணி வச்சுக்கிட்டு இருப்பாங்க, யாரும் கேக்கறதில்லை. “இருமினா ஒண்ணுக்கு வருதா”ன்னு ஒரு கேள்வி சேத்துக்கலாம்.

20. எண்ணும்எழுத்தும்

கடைசியாக நடைமுறைக் கேள்வி. நம் ஊரில் போர்டில் “பிசியோதெரபி கிளினிக்” என்று மட்டும்தான் இருக்கும். இந்த வேலை தெரிந்தவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, மேலே சொன்ன மசாஜுக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா?

21. அடித்தளம்

போன் போட்டு மூன்று கேளுங்கள். எம்பிடியில் (பிசியோதெரபி மேற்படிப்பு) மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு படித்தவரா, அல்லது இடுப்புத்தளத்துக்குத் தனிப் பயிற்சி எடுத்தவரா? முதல் நாள் எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? முக்கால் மணிக்குக் குறைவென்றால் கேள்வி கேட்கக்கூட நேரம் போதாது. உள்பரிசோதனை வேண்டாம் என்றால் வேறு எப்படிப் பார்ப்பார்? மூன்றாவதற்குத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். திரைச்சீலை மட்டும் கட்டிய அறையில், பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலிக்காரர் படுத்திருக்க, இந்தச் சிகிச்சை நடக்காது.

தேங்காய் எண்ணெய் மசாஜுக்குப் போதும். லேட்டக்ஸ் ஆணுறையோடு மட்டும் சேர்க்காதீர்கள், எண்ணெய் பட்டால் அது கிழியும்.